ஸ்விஃப்ட் காருக்கு 14 அங்குலத்திலிருந்து 16 அங்குல அலாய் வீல்: டயர் அளவை எப்படிக் கணக்கிடுவது?

#1 பவானிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2019ஆம் ஆண்டு வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல் கார். வண்டியோடு வந்த 165/80 ஆர் 14 டயர்கள் 52,000 கி.மீ. ஓடிப் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேற்பரப்பு) முழுவதும் தேய்ந்துவிட்டன. நான்கையும் மாற்றியே ஆக வேண்டும் என்பதால், அத்தோடு இரும்பு ரிம்மை எடுத்துவிட்டு 16 அங்குல அலாய் வீல் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

ஈரோட்டில் இரண்டு கடைகளில் விசாரித்தேன். முதல் கடைக்காரர் 205/55 ஆர் 16 தாராளமாக உட்காரும் என்றார். இரண்டாமவர் 195/55 ஆர் 16 என்றார். காரணம் கேட்டபோது, எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறையாவது ஐந்து பேருடன் சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் ஏறி மைசூருக்குப் போய்வருகிறோம். அங்கே 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன; பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங்கைக் கிட்டத்தட்ட முழுவதுமாக ஒடிக்க வேண்டியிருக்கிறது. இந்த எண்களை எப்படிப் படிப்பது, எதை எதனோடு ஒப்பிடுவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

#2 நான்காம்_கியர்

நண்பரே, பணம் கொடுப்பதற்கு முன்பு கேட்டீர்களே, அதற்கு முதலில் என் பாராட்டு. கணக்கு எளிதுதான், கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

165/80 ஆர் 14 என்பதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். சாலையில் பதியும் பட்டன் பகுதியின் அகலம் இது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். காற்று நிரப்பிய டயரின் பக்கச் சுவர்கள் இரண்டும் எங்கே அதிகமாகப் புடைத்திருக்கின்றனவோ அந்த இடத்து அகலம்தான் இது. 80 என்பது சதவீதம், அதாவது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம். 165இல் 80 சதவீதம் 132 மி.மீ. அடுத்து வரும் 'ஆர்' நம்மவர்களை அதிகம் குழப்பும் எழுத்து. தமிழில் படித்தவர்கள் அதை 'ஆரம்' என்று எடுத்துக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். அது ரேடியல், அதாவது உள்ளே இருக்கும் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடும் கட்டுமான முறையைக் குறிக்கிறது. அதன் பிறகு வரும் 14 ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

ஒரே வரியில் மில்லிமீட்டரும் சதவீதமும் அங்குலமும் கலந்து கிடப்பதற்குக் காரணம் பழைய வழக்கம் விடாமல் தொடர்வதுதான். என் தந்தை வைத்திருந்த அம்பாசிடரில் 5.90–15 என்று இரண்டுமே அங்குலமாக இருந்தன. மிஷெலின் நிறுவனம் 1975இல் ரிம்மையும் மில்லிமீட்டருக்குக் கொண்டுவர எண்ணி, டி.ஆர்.எக்ஸ். என்ற பெயரில் 390 மி.மீ. போன்ற அளவுகளை அறிமுகப்படுத்தியது. அந்த ரிம்மில் சாதாரண டயரைப் பொருத்த முடியாது என்பதால் அது நிலைக்கவில்லை, அங்குலமே நின்றுவிட்டது.

இப்போது உங்கள் கணக்கு. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் 14 அங்குல ரிம் 355.6 மி.மீ.; மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர்கள் 264 மி.மீ.; ஆகச் சக்கரத்தின் மொத்த விட்டம் 619.6 மி.மீ. இதை ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனிமேல் யார் எந்த அளவைச் சொன்னாலும் இதனோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டாம் கடைக்காரர் சொன்ன 195/55 ஆர் 16 டயருக்கு ரிம் 406.4, பக்கச் சுவர்கள் 214.5, மொத்தம் 620.9 மி.மீ. வருகிறது. வேறுபாடு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். அவருக்கு விளக்கத் தெரியாவிட்டாலும் சொன்ன அளவு சரியானது. முதல் கடைக்காரரின் 205/55 ஆர் 16 டயர் 631.9 மி.மீ. வருகிறது, பழையதைவிட 12.3 மி.மீ., அதாவது ஏறத்தாழ 2 சதவீதம் பெரியது.

உங்கள் காரின் ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுற்றை எண்ணித்தான் வேகத்தைச் சொல்கிறது. ஆகவே 205/55 போட்டால், பழைய டயரில் 100 கி.மீ. என்று காட்டிய அதே இடத்தில் முள் நிற்கும்போது வண்டி முன்பைவிட 2 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். ஸ்பீடோமீட்டர்கள் உண்மையைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கப்படுவதால் இந்த 2 சதவீதத்தால் பெரிய கேடு வராது. உங்கள் வழித்தடத்தில் நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஆரம் 6 மி.மீ. கூடுகிறது, அகலம் 40 மி.மீ. கூடுகிறது. ஐந்து பேர் அமர்ந்து வண்டி தாழ்ந்திருக்கும்போது, ஸ்டீயரிங்கை ஒடித்தபடி ஒரு பள்ளத்தில் இறங்கினால், டயரின் தோள் மட்கார்டு உள்விரிப்பில் உரசுவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

#3 கரிசல்_மண்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மொத்த விட்டம் 3 சதவீதத்துக்குள் இருந்தால் எதையும் போடலாம் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அப்படியானால் 205/55 ஏற்கத்தக்கதுதானே?

#4 நெடுஞ்சாலை_நாடோடி

கரிசல்_மண் ஐயா, அந்த 3 சதவீத வரம்பை மட்டும் நம்பிய ஒருவனின் அனுபவத்தைக் கேளுங்கள்.

என்னுடையதும் 14 அங்குல ஸ்விஃப்ட்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடையில் 205/45 ஆர் 17 டயரை 17 அங்குல அலாய் வீலுடன் வாங்கினேன். கடைக்காரர் என் கண் முன்னால் கணக்குப் போட்டுக் காட்டினார், 431.8 மி.மீ. ரிம், 184.5 மி.மீ. பக்கச் சுவர், மொத்தம் 616.3. பழையதோடு வெறும் 3.3 மி.மீ. வேறுபாடு. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கணக்கு சொல்லாமல் விட்டதைப் பிறகு நானே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பக்கச் சுவரின் உயரம் 132 மி.மீ.இலிருந்து 92 மி.மீ.ஆகக் குறைந்திருந்தது. ஒரு மழை இரவில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும், தண்ணீர் நிறைந்திருந்த பள்ளம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் முன் இடது சக்கரம் அதில் இறங்கியது. கல்லின் மேல் சுத்தியல் விழுந்ததுபோல் ஓர் ஓசை கேட்டது. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தபோது ரிம்மின் உள் விளிம்பு நெளிந்து, அங்கிருந்து ஆரக்காலை நோக்கி மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்பு. உள்ளே நூல்கள் அறுந்தால்தான் அப்படிப் புடைக்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை. என் மனைவியும் கைக்குழந்தையும் வண்டியில் இருந்தார்கள். அன்றிரவு நான் பட்ட கலக்கத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் டயரில் அளவை அடுத்து எழுதியிருக்கும் எண்ணைக் கவனித்தேன். பழைய டயரில் 85 என்று இருந்தது, புதியதில் 84. இது சுமைக் குறியீடு. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும், 84 என்றால் 500 கிலோ. பெரிய சக்கரம், அகலமான டயர் என்று நம்பிப் பணம் கொடுத்து, தொழிற்சாலை கொடுத்ததைவிடக் குறைவாகச் சுமை தாங்கும் டயரை வாங்கியிருக்கிறேன். அதே அளவில் 88 என்ற குறியீட்டுடன், எக்ஸ்.எல். என்று எழுதிய கூடுதல் சுமை டயரும் கிடைக்கிறது. ஆனால் அதன் முழுத் தாங்குதிறனைப் பெறக் காற்றழுத்தத்தையும் கூட்ட வேண்டும். அதை எனக்கு எவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

#5 நான்காம்_கியர்

நாடோடி அவர்களே, அனைவரும் நலமாக இருக்கிறீர்கள் என்பதே பெரிது. உங்கள் பதிவைப் படித்த பிறகு, என் முதல் பதிவில் சுமைக் குறியீட்டை எழுதாமல் விட்டது குறையாகப்படுகிறது. அதை இங்கே சேர்க்கிறேன்.

195/55 ஆர் 16 அளவில் வழக்கமாகக் கிடைப்பது 87, அதாவது 545 கிலோ. ஸ்விஃப்டின் மேல்நிலை வகைகளில் நிறுவனமே கொடுத்த 185/65 ஆர் 15 டயரில் 88, அதாவது 560 கிலோ. இரண்டுமே பவானிக்கரை நண்பரின் 85ஐவிடக் கூடுதலானவை. எண்ணுக்குப் பின்வரும் எழுத்து அந்த டயர் தாங்கும் உச்ச வேகம்: டி என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் என்றால் 210, வி என்றால் 240. நம் சாலைகளில் அந்த வேகங்களுக்கு வேலையில்லை; ஆயினும் பழைய டயரில் இருந்த எழுத்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

இன்னொரு வாதமும் வரும்: ஒரு டயர் 500 கிலோ என்றால் நான்கும் சேர்த்து 2,000 கிலோ ஆயிற்றே, ஸ்விஃப்ட் அவ்வளவு எடை இல்லையே என்பார்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு அது சரி. திம்பத்திலிருந்து இறங்கும்போது, வளைவுக்கு முன் பிரேக் அழுத்திய அந்தக் கணத்தில், எடையின் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்குத் தாவுகிறது, அதிலும் வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தின் மீதே அதிகம் விழுகிறது. குறியீட்டில் விட்டுவைத்திருக்கும் இடைவெளி அதற்குத்தான்.

#6 கோவை_அலைன்மென்ட்

வணக்கம். கோவையில் 22 ஆண்டுகளாக அலைன்மென்ட், பேலன்சிங் பட்டறை நடத்தி வருகிறேன். டயரைப் பற்றி நண்பர்கள் நன்றாக எழுதிவிட்டார்கள். ஆனால் என் பட்டறைக்கு அழுதுகொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் டயர் அளவைச் சரியாக எடுத்து ரிம்மில் தவறியவர்கள்.

ரிம்மின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் '15 × 5.5 ஜே, இ.டி. 45' என்பது போல ஒரு குறிப்பு வார்த்திருப்பார்கள். 5.5 என்பது டயர் உட்காரும் இரண்டு விளிம்புகளுக்கு இடையே உள்ள அகலம், அங்குலத்தில். ஜே என்பது விளிம்பின் வடிவம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஏற்ற ரிம் அகலம் உண்டு. 185/65 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரை, 195/55 டயருக்கு 5.5 முதல் 7 வரை. அழகுக்காக 8 அங்குல ரிம்மில் 195 டயரை இழுத்துப் பிடித்து ஏற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. நான் செய்து கொடுப்பதில்லை. வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் அதற்கு யார் பொறுப்பு?

இ.டி. என்பதுதான் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) பதியும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பதே அந்த எண். எண் குறையக் குறைய, சக்கரம் வண்டிக்கு வெளியே வரும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பழைய ரிம் 5.5 ஜே, இ.டி. 45 என்று வைத்துக்கொள்வோம். புதியது 6.5 ஜே, இ.டி. 38. ரிம் ஓர் அங்குலம் அகலம் என்பதால் இருபுறமும் 12.7 மி.மீ. கூடுகிறது, ஆஃப்செட் 7 மி.மீ. குறைந்ததால் மொத்தச் சக்கரமும் வெளியே 7 மி.மீ. நகர்கிறது. ஆக வெளி விளிம்பு 19.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 5.7 மி.மீ. உள்ளே போகும். வெளியே வந்தது மட்கார்டு உதட்டில் இடிக்கிறதா, உள்ளே போனது ஷாக் அப்சார்பரில் இடிக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். மேலும் சக்கரம் வெளியே போகப் போக வீல் பேரிங்கின் மேல் விழும் பளுவும் கூடும்.

அடுத்தது பி.சி.டி., அதாவது நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்டுக்கு 4 துளை, 100 மி.மீ. இதைக் கடையில் எவரும் தவறவிடுவதில்லை, ஏனென்றால் பொருந்தாவிட்டால் சக்கரமே ஏறாது. தவறவிடுவது ஹப் நுழையும் ரிம்மின் நடுத்துளையை. ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ.; சந்தையில் விற்கும் அலாய் வீல்கள் எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று 73.1 மி.மீ. போலப் பெரிய துளையுடன் வருகின்றன.

சென்ற ஆண்டு ஒருவர் வந்தார். 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது, மூன்று இடங்களில் பேலன்சிங் செய்தும் தீரவில்லை என்றார். சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் மேல் சும்மா மாட்டி, பின்பக்கமாகக் கைவிட்டுத் தடவினேன்; ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி நுழைந்து சுற்றி வந்தது. ஒவ்வொரு பக்கமும் ஒன்பதரை மி.மீ. வெற்றிடம். சக்கரத்தை நடுவில் நிறுத்த வேண்டிய ஹப் அதைத் தொடவே இல்லை, நான்கு நட்டுகள் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தன. 73.1க்கும் 54.1க்கும் இடைப்பட்ட வளையம் நான்கு வாங்கி வரச் சொல்லிப் போட்டேன். ஒரு பிளாஸ்டிக் வளையம்தான். நடுக்கம் அன்றே நின்றது.

#7 பவானிக்கரை

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்று காலை என் ஸ்டெப்னியை வெளியே எடுத்து ரிம்மின் பின்புறத்தைத் துடைத்துப் பார்த்தேன். ஐந்து ஆண்டுச் சேறு போனதும் அண்ணன் சொன்னபடியே எண்கள் தெரிந்தன.

இப்போது ஒரு புதுக் கேள்வி. பெருந்துறையில் தெரிந்தவர் ஒருவர், ஹூண்டாய் ஐ20 காரிலிருந்து கழற்றிய 16 அங்குல நிறுவன அலாய் வீல்களை 195/55 டயருடன் விற்கிறார். அதன் பி.சி.டி.யும் 4 × 100தான் என்கிறார். நட்டுகளையும் சேர்த்தே தருகிறாராம். வாங்கலாமா?

#8 கோவை_அலைன்மென்ட்

தம்பி, வீலை வேண்டுமானால் பாருங்கள்; அந்த நட்டுகளை வாங்காதீர்கள். ஐ20 காருக்கும் உங்கள் காருக்கும் பி.சி.டி. ஒன்று, நடுத்துளையும் 54.1 என்று ஒன்றேதான், அந்த வகையில் நல்ல பொருத்தம். ஆனால் ஹூண்டாயின் ஸ்டட், அதாவது நட்டு ஏறும் திருகுத் தண்டு, 12 மி.மீ. பருமனில் 1.5 மி.மீ. புரி (ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி), சுஸுகியினுடையது அதே 12 மி.மீ. பருமனில் 1.25 மி.மீ. புரி. கண்ணால் பார்த்தால் வேறுபாடு தெரியாது. கையால் திருகினால் ஒன்றிரண்டு சுற்றுப் போய் இறுகிவிடும். அந்த இடத்தில் நிறுத்தாமல் காற்றுத் துப்பாக்கியை வைத்து ஓட்டினால் ஸ்டட்டின் புரி வழித்துக்கொண்டு போய்விடும், அதோடு அந்த ஸ்டட் கதை முடிந்தது.

எந்த வீலானாலும் நட்டைக் கையால் தொடங்கி, எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணுங்கள். உங்கள் புரிக்குக் குறைந்தது எட்டுச் சுற்றுப் போக வேண்டும். நட்டின் முனை கூம்பா, உருண்டையா என்றும் பாருங்கள். ஹோண்டா கார்களின் நிறுவன வீல்களுக்கு உருண்டை முனை, மற்றவற்றில் பெரும்பாலும் கூம்பு. கூம்புத் துளையில் உருண்டை நட்டை முடுக்கினால் ஒரு கோடளவுக்குத்தான் பிடிப்பு இருக்கும்.

அந்த வீல்களின் ஆஃப்செட்டை உங்கள் ஸ்டெப்னியில் படித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பழைய டயரின் வயதையும் பாருங்கள்: பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும், 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறது என்று மயங்க வேண்டாம்.

#9 தென்னந்தோப்பு

எதிர்க்கருத்து ஒன்றைப் பணிவுடன் முன்வைக்கிறேன். 16 அங்குலம் எதற்கு? இதே ஸ்விஃப்டின் இசட்.எக்ஸ்.ஐ. வகைக்கு நிறுவனமே 185/65 ஆர் 15 கொடுத்திருக்கிறது. விட்டம் 621.5 மி.மீ., சுமைக் குறியீடு 88, பக்கச் சுவர் 120 மி.மீ. 16 அங்குலத்துக்குப் போனால் அந்தச் சுவர் 107ஆகக் குறையும். சஸ்பென்ஷனோடும் பிரேக்கோடும் சேர்த்து நிறுவனம் சோதித்துப் பார்த்த அளவு கையில் இருக்கும்போது, நாம் ஏன் நம் குடும்பத்தை வைத்துச் சோதிக்க வேண்டும்?

சட்டக் கோணமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. விபத்து என்று வந்துவிட்டால் காப்பீட்டுக்காரர் தேடும் முதல் ஓட்டை எதுவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நிறுவனம் அந்த மாடலுக்குக் கொடுத்த அளவு என்றால் நீங்கள் தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம். என்னைக் கேட்டால், எதைப் போட்டாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

#10 கரிசல்_மண்

தென்னந்தோப்பு அவர்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆயினும் என் தங்கை வீட்டு ஸ்விஃப்டில் மூன்று ஆண்டுகளாக 195/55 ஆர் 16 தான் ஓடுகிறது, திருநெல்வேலி சாலைகளில் இதுவரை உரசலோ ரிம் நெளிவோ இல்லை. வளைவில் பிடிப்பு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். குழியில் இறங்கினால் முன்பைவிடத் தூக்கிப் போடுகிறது என்பதையும் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

#11 நான்காம்_கியர்

இரண்டு கருத்துகளுமே உண்மை. நகரத்துக்குள் இரண்டு பேர் ஓட்டும் வண்டிக்கு 195/55 ஆர் 16 நல்ல தேர்வு. பவானிக்கரை நண்பரின் பயணத்தில் ஐந்து பேரும், சுமையும், மலைப்பாதையும் இருப்பதால் நான் 15 அங்குலத்தின் பக்கமே நிற்பேன். 14 அங்குல ஸ்டெப்னியை அப்படியே வைத்துக்கொள்ளலாம்; விட்டம் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போகிறது. அகலம் வேறு என்பதால் பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டப் பயன்படுத்துங்கள். அதை மாட்டும்போது இரும்பு ரிம்மின் பழைய நட்டுகள் வேண்டியிருக்கும், அவற்றைத் தூக்கிப் போடாமல் ஜாக்கியோடு ஒரு பையில் கட்டி வையுங்கள்.

உரசலைக் கண்டுபிடிக்க ஒரு வழி: மட்கார்டின் உள்விரிப்பில் சாக்பீஸைத் தண்ணீரில் குழைத்துத் தடவிக் காயவிட்டு, வண்டியில் ஆளேற்றி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் ஒடித்து வேகத்தடைகளில் ஏற்றி இறக்குங்கள். டயர் தொட்டிருந்தால் சாக்பீஸ் அழிந்திருக்கும்.

#12 பவானிக்கரை

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஐ20 வீல்களை விட்டுவிட்டேன். டயர்கள் ஆறு ஆண்டு பழையவை, ஒரு ரிம் ஏற்கெனவே நெளிந்து நிமிர்த்தியதாக இருந்தது. இறுதியில் 15 அங்குல அலாய் வீலும் 185/65 ஆர் 15 88 எச் டயரும் போட்டேன். ரிம் 6 ஜே. ஹப் வளையம் கேட்டபோது கடைக்காரர் வியப்பாகப் பார்த்தார், ஆனாலும் கோவையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். நட்டைக் கையால் திருகி எண்ணினேன், ஒன்பது சுற்றுப் போயிற்று. காற்றழுத்தத்துக்கு, இசட்.எக்ஸ்.ஐ. வைத்திருக்கும் நண்பரின் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து வந்து, அதில் இந்த அளவுக்குச் சொன்னதையே வைத்தேன். 80 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை மறுபடியும் முடுக்கினோம். இரண்டு நட்டுகள் கால் சுற்று இறங்கின.

சென்ற ஞாயிறு ஐந்து பேருடன் திம்பம் ஏறினோம். மேலே சோதனைச் சாவடிக்கு அருகில் நிறுத்தி, குனிந்து நான்கு மட்கார்டுகளின் உள்ளேயும் டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்புறத்தில் கொஞ்சம் செம்மண் தூசி படிந்திருந்தது. சாக்பீஸ் தடவிய கோடுகள் நான்கிலும் அழியாமல் அப்படியே இருந்தன.